பிழை கையில் இல்லை, கத்தரிக்கோலில்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த மாமி, பேனை தேடி என் மேசை லாச்சியைத் திறந்தார். உள்ளே ஆறு கத்தரிக்கோல்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, கடை ஏதும் போடப் போறியோ? ஒரு வீட்டுக்கு ஒரு கத்தரிக்கோல் காணாதோ?" என்று கேட்டார்.

காணாது என்பதுதான் என் கருத்து. அன்று மாமியிடம் சிரித்துச் சமாளித்துவிட்டேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் இதை வாசிக்கிற உங்களில் பலர் இப்போதுதான் படிப்புக்காகவோ வேலைக்காகவோ முதல் தடவையாகத் தனி அறை எடுத்துப் போகிறீர்கள். சட்டி, கரண்டி, மிளகாய்த்தூள் எல்லாம் அம்மா கட்டித் தருவார். கத்தரிக்கோலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மலிவுக் கடையில் ஒன்றை வாங்கி, அதாலேயே பால் பெட்டி, பார்சல், தலைமயிர், ஜீன்ஸ் நுனி எல்லாவற்றையும் வெட்டுவீர்கள். அது வெட்டாத நாளில் "எனக்குக் கைவேலை வராது" என்று சொல்லிக்கொள்வீர்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவள்தான். அது பொய் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கத்தரிக்கோல் வீடு

நான் வளர்ந்தது ஜேர்மனியில், வுப்பெற்றால் நகரில். அம்மா வீட்டிலிருந்தே சாறி பிளவுஸ் தைத்துக் கொடுப்பார். அவரிடம் கறுப்புப் பிடி போட்ட பெரிய கத்தரிக்கோல் ஒன்று இருந்தது. பழைய சாமான் சந்தையில் வாங்கியது. அலகில் "சோலிங்கன்" என்று பொறித்திருக்கும். சோலிங்கன் எங்கள் பக்கத்து நகரம். பல நூற்றாண்டுகளாகக் கத்தி, வாள், கத்தரிக்கோல் செய்வதற்குப் பேர்போனது. அந்தப் பெயருக்கு ஜேர்மனியில் 1938 இலிருந்தே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வேறு ஊரில் செய்த கத்தியில் "சோலிங்கன்" என்று பொறிக்க முடியாது.

அம்மாவுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. அது நல்லாக வெட்டும் என்று மட்டும் தெரியும். "என்ரை கத்தரிக்கோலைத் தொடக்கூடாது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் வீட்டில் இருந்ததே அந்த ஒன்றுதான். அப்பா அரிசிப் பையைத் திறப்பது அதால். அண்ணா பார்சலில் ஒட்டியிருந்த ரேப்பை வெட்டுவது அதால். அம்மா பார்க்காத நேரத்தில் எல்லாரும் எடுப்போம், திரும்ப அதே இடத்தில் வைப்போம். உங்கள் வீட்டிலும் இதே கதை நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஏழு வயது. நவம்பர் மாதம். இங்கே ரைன் பகுதியில் நவம்பர் 11 ஆம் திகதி புனித மார்ட்டின் நாள். அதையொட்டிப் பிள்ளைகள் தாங்களே கடதாசியில் விளக்குக் கூடு செய்து, பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கறுப்பு மட்டையில் நட்சத்திரம் வெட்டினோம். நான் வெட்டியது மட்டும் நட்சத்திரமாக வரவில்லை. மட்டை கத்தரிக்கோலுக்குள் மடிந்து மடிந்து போனது. நான் இடக்கைக்காரி. வீட்டில் போய் முடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள்.

வீட்டில் அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து வெட்டினேன். பெருவிரலில் சிவப்புத் தழும்பு விழுந்தது, ஆனால் மட்டை வெட்டுப்பட்டது. பிறகு விளக்கைத் தொங்கவிடுகிற கம்பி நீளமாக இருந்ததால், அதையும் அதாலேயே வெட்டினேன்.

அடுத்த நாள் அம்மா ஒருவரின் கல்யாணச் சாறி பிளவுஸுக்குப் பட்டுத் துணியை வெட்டத் தொடங்கினார். பாதியில் கத்தரிக்கோல் நின்றது. கம்பி வெட்டிய இடத்தில் அலகு கடுகளவு உடைந்திருந்தது. அந்த உடைவில் பட்டு நூல் சிக்கி, துணியின் குறுக்கே ஒரு கோடாக இழுத்துவிட்டது. பிளவுஸ் துணி சாறியோடு சேர்த்து நெய்து வருவது. அதே நிறத்தில், அதே கரையோடு இன்னொன்று வாங்க முடியாது. அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டு, நெருங்கிய நிறத்தில் வேறு துணி தன் காசில் வாங்கி, கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தார்.

எனக்கு அடி விழவில்லை. அம்மா பெரிதாகப் பேசவும் இல்லை. "அந்தக் கையாலை எதைத் தொட்டாலும் இப்பிடித்தான்" என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்குள் நெடுநாள் கிடந்தது.

துணியும் கடதாசியும் ஏன் பகை?

வளர்ந்த பிறகு ஒரு நாள் சோலிங்கனில் ஹென்ட்றிக்ஸ் என்ற பழைய பட்டறையைப் பார்க்கப் போனேன். 1886 இலிருந்து 1986 வரை நூறு வருடம் கத்தரிக்கோல் அலகுகளை அடித்த இடம் அது. இப்போது அது அருங்காட்சியகம். பெரிய சம்மட்டிகள் இயங்குவதை அங்கே நேரில் பார்க்கலாம். சூடான இரும்புத் துண்டு ஒரே அடியில் கத்தரிக்கோலின் பாதியாக மாறுவதைப் பார்த்தபோதுதான், இந்தச் சாமானை நான் எவ்வளவு சாதாரணமாக நினைத்திருந்தேன் என்று புரிந்தது.

நல்ல கத்தரிக்கோல் ஒன்றை மூடி, வெளிச்சத்துக்கு நேரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். இரண்டு அலகுகளுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். அலகுகள் மிகச் சிறிதளவு வளைவாகச் செய்யப்பட்டிருக்கும். அதனால் நாம் கத்தரிக்கோலை மூடும்போது அவை ஒரே ஒரு புள்ளியில் மட்டும் ஒன்றையொன்று அழுத்துகின்றன. அந்தப் புள்ளி திருகாணிக்குப் பக்கத்தில் தொடங்கி நுனி வரைக்கும் ஓடுகிறது. வெட்டு நடப்பது அந்தப் புள்ளியில்தான். விளிம்பில் எங்கேயாவது சின்ன உடைவு இருந்தாலும், புள்ளி அங்கே வந்ததும் துணி வெட்டுப்படாமல் இழுபடும். அம்மாவின் பட்டுக்கு நடந்தது இதுதான்.

கம்பி வெட்டினால் கெடும் என்பது யாருக்கும் விளங்கும். கடதாசி ஏன் கெடுக்கிறது? கடதாசி வெறும் மரநாரில் செய்தது இல்லை. அது வெள்ளையாகவும் வழவழப்பாகவும் இருக்க, சுண்ணாம்புத் தூளும் வெள்ளைக் களிமண் தூளும் சேர்க்கிறார்கள். இரண்டும் கல்லிலிருந்து வருபவை. கடதாசியை வெட்டும் ஒவ்வொரு முறையும் அந்த நுண்ணிய தூள் விளிம்பை உரசித் தேய்க்கிறது. கடதாசிக்கு அந்த மொட்டை விளிம்பு போதும். மெல்லிய துணிக்குப் போதாது. ஆகவே அம்மாமார் கத்துவது வீண் கோபத்தால் இல்லை. அவர்கள் சொல்வது சரி.

எதற்கு எது?

ஜேர்மன் மொழியில் ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கத்தரிக்கோல், தனிப் பெயர். தையற்காரரின் கத்தரிக்கோல், கோழி வெட்டும் கத்தரிக்கோல், நகக் கத்தரிக்கோல், கைவேலைக் கத்தரிக்கோல் என்று ஒவ்வொன்றும் ஒரே சொல்லில் வரும். இதைப் பார்த்து "வெள்ளைக்காரரின் ஆடம்பரம்" என்று மாமி சொல்லக்கூடும். ஆனால் மாமியின் குசினியில் தேங்காய் திருவத் திருவலை, இடியப்பம் பிழிய உரல், புட்டு அவிக்க நீத்துப்பெட்டி எல்லாம் இருக்கின்றன. என் அம்மம்மாவிடம் ஒரு பாக்குவெட்டி இருந்தது. பாக்கைத் தவிர வேறு எதையும் அதால் வெட்டியதை யாரும் பார்த்ததில்லை. ஒரு வேலைக்கு ஒரு கருவி என்பது நமக்குப் புதிய பாடம் இல்லை. கத்தரிக்கோல் விசயத்தில் மட்டும் மறந்துவிட்டோம்.

எல்லாவற்றையும் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. என் கணக்கில் ஒரு வீட்டுக்கு மூன்று கட்டாயம். மற்றவை தேவைப்பட்டால் மட்டும்.

முதலாவது, துணிக்கு ஒன்று. அலகு நீளமாக இருக்க வேண்டும். பிடி அலகுக்கு நேராக இல்லாமல் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கீழ் அலகு மேசையில் படுத்தபடியே நகரும், துணி மேலெழும்பாது. துணியைக் கையில் தூக்கிப் பிடித்து வெட்டினால் கோடு கோணும். ஒவ்வொரு வெட்டிலும் நுனி வரைக்கும் மூடாமல், கொஞ்சம் மிச்சம் விட்டு முன்னே தள்ளிக்கொண்டு போங்கள். விளிம்பு பல் பல்லாக வராது. பட்டு, ஜோர்ஜெற் போன்ற வழுக்குகிற துணிகளுக்கு, ஒரு அலகில் மிக நுண்ணிய பற்கள் வைத்த கத்தரிக்கோல் உதவும். துணி நழுவாமல் பிடித்துக்கொள்ளும். இன்னொரு விசயம் எங்கள் ஆட்களுக்கே உரியது: சரிகை. சரிகை நூலில் உலோகம் இருக்கிறது. சாறிக் கரையையும், மணியும் சமிக்கியும் தைத்த துணியையும் உங்கள் நல்ல கத்தரிக்கோலால் வெட்ட வேண்டாம். பழைய துணிக் கத்தரிக்கோல் ஒன்றை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தைப்பதே இல்லையா? அப்படியானாலும் காற்சட்டை நுனி குறைப்பதற்கும், அம்மாவின் பழைய சாறியில் தலையணை உறை செய்வதற்கும் ஒரு நாள் தேவைப்படும்.

இரண்டாவது, கடதாசிக்கும் பார்சலுக்கும் ஒன்று. இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. நடுத்தர அளவில், பிளாஸ்ரிக் பிடி போட்ட சாதாரணமானது போதும். 1967 இல் பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் செம்மஞ்சள் பிளாஸ்ரிக் பிடியோடு ஒரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்தது. அதற்கு முன் நல்ல கத்தரிக்கோல் என்றால் பிடியும் இரும்பு, கனமும் அதிகம். இன்று எந்தக் கடையிலும் நாம் எடுக்கிற இலேசான கத்தரிக்கோல்கள் அந்த வழியில் வந்தவைதான். ரேப் வெட்டினால் அலகில் பசை ஒட்டும். அதைக் கத்தியால் சுரண்டாமல், துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள்.

மூன்றாவது, குசினிக்கு ஒன்று. கோழித் தோல், மீன் செட்டை, நண்டுக் கால், மல்லித்தழை எல்லாவற்றுக்கும் இது கத்தியை விடச் சுகம். வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: இரண்டு அலகும் தனித்தனியாகக் கழன்று வர வேண்டும். கழராவிட்டால் பச்சை இறைச்சியின் நீர் திருகாணிக்குள் போய்த் தங்கிவிடும். எப்படிக் கழுவினாலும் அது முழுதாகப் போகாது. கோழி வெட்டிய கத்தரிக்கோலைத் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டு முறுக்குப் பையைத் திறக்கிற பழக்கம் உங்களிடம் இருந்தால், இன்றோடு நிறுத்துங்கள்.

இனித் தேவைப்பட்டால் மட்டும் வாங்குவதற்கு வருகிறேன். தலைமயிர் வெட்டுகிற கத்தரிக்கோல். 2020 டிசம்பரில் ஜேர்மனியில் சலூன்களைப் பூட்டினார்கள். 2021 மார்ச் முதலாம் திகதிதான் திரும்பத் திறந்தார்கள். இடையில் நான் குசினிக் கத்தரிக்கோலால் அப்பாவுக்குத் தலைமயிர் வெட்டினேன். படிக்கட்டு மாதிரி வந்தது. அப்பா இரண்டு கிழமை தொப்பி போட்டுக்கொண்டுதான் சூம் கூட்டங்களில் இருந்தார். மயிர் மிக மெல்லியது. கூர் போதாத அலகில் அது வெட்டுப்படாமல் வளைந்து வழுக்கிப் போகும். மயிர் வெட்டுகிற கத்தரிக்கோலின் விளிம்பு மிகவும் கூராகத் தீட்டப்பட்டிருக்கும். அதால் வேறு எதையும் வெட்டக்கூடாது, ஒரு துண்டுக் கடதாசியைக்கூட.

கைத்தையல் செய்பவர்களுக்கு, விரல் நீளத்தில் கூரிய நுனியுள்ள சின்னக் கத்தரிக்கோல் நூல் வெட்ட வேண்டும். பெரிய கத்தரிக்கோலால் நூல் வெட்டப் போனால் துணியும் சேர்ந்து வெட்டுப்படும். வீட்டுக்குள் சாடியில் கறிவேப்பிலை வளர்ப்பவர்களுக்கு, செடி வெட்டுகிற கத்தரி வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடந்து போகும். பச்சைக் கொப்புக்கு அதுதான் சரி. மற்றதில் ஒரு அலகு தட்டையான பரப்பில் வந்து முட்டும். அது காய்ந்த கொப்புக்கு நல்லது. பச்சைக் கொப்பை நசுக்கிவிடும்.

வாங்கியதைப் பேணுவதும் சின்ன வேலைதான். பாத்திரம் கழுவும் மெசினுக்குள் போட வேண்டாம். திருகாணியில் இடைக்கிடை ஒரு துளி எண்ணெய் விடுங்கள். கூர் போனால் தூக்கி எறியாமல் சாணை பிடிக்கக் கொடுங்கள். அலுமினியத் தாளை வெட்டினால் கூர் வரும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். அது விளிம்பில் இருக்கிற சின்னப் பிசிறுகளைச் சீராக்கும், அவ்வளவுதான். தேய்ந்த விளிம்பைத் திரும்பக் கொண்டுவராது. அம்மாவின் கத்தரிக்கோலில் விழுந்த உடைவைச் சோலிங்கனில் ஒருவர் சாணை பிடித்துச் சரியாக்கினார். அலகு கொஞ்சம் மெலிந்தது, ஆனால் இன்றும் பட்டு வெட்டுகிறது.

எந்தக் கைக்கு?

எந்தத் துணிக்கு, எந்தக் கடதாசிக்கு என்று இவ்வளவு பார்க்கிறோம். எந்தக் கைக்கு என்று மட்டும் கேட்பதே இல்லை. நான் இதை எழுத வந்ததே அதற்காகத்தான்.

நான்காம் வகுப்பில் எனக்குப் புதிய ரீச்சர் ஒருவர் வந்தார். நான் வெட்டுவதை ஒரு நிமிடம் பார்த்தார். தன் மேசையிலிருந்து வேறொரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். எடுத்து வெட்டினேன். கடதாசி மடியவில்லை. போட்டிருந்த கோட்டிலேயே போனது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த நேரம் சந்தோசத்தை விடக் கோபம்தான் வந்தது என்பது இன்றும் நினைவிருக்கிறது. இப்படி ஒன்று இருப்பதை ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை?

விளக்கம் எளிது. வலக்கையால் கத்தரிக்கோலை மூடும்போது பெருவிரல் வெளிப்பக்கம் தள்ளும், மற்ற விரல்கள் உட்பக்கம் இழுக்கும். இது நமக்குத் தெரியாமலே நடக்கிறது. சாதாரணக் கத்தரிக்கோலில் அந்தத் தள்ளலும் இழுப்பும் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்குகின்றன. அதே கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால், அதே விசை அலகுகளைப் பிரிக்கிறது. வெட்ட வேண்டிய புள்ளியில் இடைவெளி விழுகிறது. கடதாசி அந்த இடைவெளிக்குள் மடிகிறது. அதோடு, மேல் அலகு நீங்கள் வெட்ட வேண்டிய கோட்டை மறைத்துக்கொண்டும் நிற்கும். பிள்ளை எவ்வளவு கவனமாக இருந்தாலும் இதை வெல்ல முடியாது.

கத்தரிக்கோலைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் சரிவரும் என்று சிலர் சொல்வார்கள். வராது. எப்படித் திருப்பினாலும் அதே பக்க அலகுதான் மேலே வரும். நீங்களே எடுத்துப் பாருங்கள்: நுனி உங்களிடமிருந்து விலகி இருக்கும்படி பிடித்துத் திறந்தால், சாதாரணக் கத்தரிக்கோலில் வலப்பக்க அலகு மேலே இருக்கும். இடக்கைக் கத்தரிக்கோலில் இடப்பக்க அலகு மேலே இருக்கும். கடையில் வாங்கும்போது இதைத்தான் சோதிக்க வேண்டும். "இரண்டு கைக்கும் ஏற்றது" என்று எழுதி விற்கிற பலவற்றில் பிடியின் வடிவம் மட்டும்தான் மாற்றப்பட்டிருக்கும். அலகுகள் வழமைபோல வலக்கைக்குத்தான்.

பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவர் இடக்கைக்காரர். எங்கள் சமூகத்தில் அந்த ஒருவருக்குக் கத்தரிக்கோலை விட வேறு சுமையும் இருக்கிறது. வலக்கையைச் சோத்துக்கை என்கிறோம். இடக்கைக்கு நாம் வைத்திருக்கிற பெயரை இங்கே எழுத விருப்பமில்லை, உங்களுக்கே தெரியும். இடக்கையால் காசு கொடுக்கக்கூடாது, பிரசாதம் வாங்கக்கூடாது. ஏடு தொடக்கும்போது ஐயர் வலக்கை விரலைப் பிடித்துத்தான் அரிசியில் "அ" எழுதிக் காட்டுவார். இது தமிழருக்கு மட்டும் உரிய குறை இல்லை. ஜேர்மனியிலும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்களில் இடக்கைப் பிள்ளைகளை வலக்கையால் எழுத வைத்தார்கள். இங்கே அது மாறிவிட்டது. எங்கள் வீடுகளில் பாதிதான் மாறியிருக்கிறது. எழுத விடுகிறோம். கைவேலை பிழைத்தால் மட்டும் இன்னும் கையைத்தான் பார்க்கிறோம்.

நான் இப்போது சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு உதவிக்குப் போகிறேன். இந்த வருடத் தொடக்கத்தில் பிள்ளைகள் உயிரெழுத்து அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு வயதுப் பையன் ஒருவன் மட்டும் மேசைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு இருந்தான். அவனுடைய "ஆ" பாதியில் கிழிந்து கிடந்தது. "ஏன் வெட்டேல்லை?" என்று கேட்டேன். "எனக்கு வெட்ட வராது அக்கா" என்றான். "என்ரை கை சரியில்லை."

பெட்டியைப் பார்த்தேன். அதில் இருபதுக்கு மேல் கத்தரிக்கோல்கள் இருந்தன. ஒன்றுகூட இடக்கைக்கானது இல்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டு வாங்கிக் கொண்டுபோனேன். பிள்ளைகளுக்கான இடக்கைக் கத்தரிக்கோல் சில யூரோதான், மற்றதை விடப் பெரிய வித்தியாசம் இல்லை. அவன் முதலில் நம்பவில்லை. பிறகு "ஆ"வை வெட்டினான். பிறகு தன் அட்டைகளை முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த பிள்ளையின் அட்டைகளையும் வெட்டிக் கொடுத்தான்.

எதிர்க்கேள்விகள்

இதைச் சொன்னால் இரண்டு பதில்கள் வரும் என்று தெரியும்.

ஒன்று, "நாங்கள் ஒண்டும் இல்லாமல் வந்து, ஒரு கத்தரிக்கோலோடை வாழேல்லையோ?" வாழ்ந்தார்கள். அதை மதிக்கிறேன். அகதியாக வந்து ஒரு அறையில் இருந்தபோது ஒன்றை வைத்து எல்லாம் செய்தது கெட்டித்தனம். ஆனால் அந்தச் சிக்கனத்துக்கும் ஒரு செலவு இருந்தது. எங்கள் வீட்டில் அது ஒரு பட்டுத் துணியின் விலையாக வந்தது. மூன்று கத்தரிக்கோலும் சேர்ந்து அந்தத் துணியின் விலைக்கு வந்திருக்காது. ஒவ்வொன்றையும் அதன் வேலைக்கு மட்டும் பாவித்தால் அவை பத்து, இருபது வருடம் கிடக்கும். இதுவும் சிக்கனம்தான்.

மற்றது, "பழகினால் எல்லாம் சரிவரும். எத்தினை இடக்கைக்காரர் வலக்கைக் கத்தரிக்கோலாலை வெட்டுகினம்." இதில் உண்மை இருக்கிறது. பெருவிரலைத் தலைகீழாக இழுத்து, அலகுகளை வலிந்து நெருக்கி வெட்டப் பழகியவர்கள் பலர். அப்படிப் பழகிய பெரியவர் ஒருவருக்கு இப்போது இடக்கைக் கத்தரிக்கோலைக் கொடுத்தால் அவருக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும். அவரை மாறச் சொல்லவில்லை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்தப் பிள்ளை பழகி முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு நாளும் தன் கையைப் பற்றி ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. சில யூரோவில் தவிர்க்கக்கூடிய பாடம் அது.

ஆகவே நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. உங்கள் வீட்டு லாச்சியைத் திறந்து பாருங்கள். துணிக் கத்தரிக்கோலின் பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வையுங்கள், மற்றவர்களுக்கு அடையாளம் தெரியட்டும். நீங்கள் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உதவி செய்பவராக இருந்தால், இந்தச் சனிக்கிழமை அந்தக் கத்தரிக்கோல் பெட்டிக்குள் ஒருமுறை பாருங்கள். இருபதுக்கு இரண்டு இடக்கைக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கி வையுங்கள். நிர்வாகத்திடம் காசு கேட்டுக் கூட்டம் வைக்க வேண்டிய அளவுக்கு இது பெரிய செலவில்லை.

போன வருடம் என் பிறந்தநாளுக்கு நானே எனக்கு ஒரு இடக்கைத் தையல் கத்தரிக்கோல் வாங்கினேன். தேடித்தான் வாங்க வேண்டியிருந்தது, விலையும் கொஞ்சம் கூட. அம்மா அதை வாங்கித் தன் வலக்கையால் ஒரு துணித் துண்டை வெட்டிப் பார்த்தார். துணி அலகுகளுக்குள் மடிந்தது. திரும்ப ஒருமுறை முயன்றார். திரும்பவும் மடிந்தது. கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"உனக்கு அப்ப இப்பிடித்தான் இருந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா."

அந்த வருட ஆயுத பூசைக்குச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அம்மா வழக்கம்போலத் தன் கறுப்புப் பிடிக் கத்தரிக்கோலை வைத்தார். என்னுடையதையும் எடுத்துவரச் சொல்லி, பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் சந்தனம் வைத்தார்.